நாலு பேர் கேட்ட இரைச்சல்

அந்தப் படம் என் கைப்பேசிக்கு வந்தபோது நான் பெரம்பலூர் பேருந்து நிலையத்தில், நேரக் காப்பாளர் அறைக்குள் உட்கார்ந்து, துறையூர் வண்டி ஏன் பத்து நிமிடம் தாமதம் என்று ஒரு நடத்துநரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கறுப்பாக, மழமழவென்று ஒரு பெட்டி. முகத்தில் ஒரே ஒரு திருகு குமிழும், கையகலத் திரையும். ஏதோ மைக்ரோவேவ் அடுப்பு விளம்பரம் என்று நினைத்து மூடிவிட்டேன். அடுத்த நிமிடமே அரியலூரிலிருந்து சகலை கூப்பிட்டார். வணக்கம் கிடையாது, சாப்பிட்டாயா என்ற கேள்வி கிடையாது. "பாத்தியா சகலை? ஊசிய எடுத்துட்டானுங்க" என்றார். அவர் குரல் கேட்பதற்கு யாரோ செத்த சேதி சொல்வது போலத்தான் இருந்தது.  பேருந்துகளின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே எழுந்து வெளியே வந்து, சுவரோரமாக நின்று அந்தப் படத்தை மறுபடி திறந்து பார்த்தேன்.

சகலை என்றால் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். வேப்பந்தட்டைப் பக்கம் பருத்தி போட்டுக்கொண்டிருந்த ஒரே மாமனாரின் வீட்டில் நாங்கள் இருவரும் பெண் எடுத்தோம். சகலை உறவு ஒரு மாதிரியான உறவு. அண்ணன் தம்பி போல உரிமையாகச் சண்டை போட முடியாது, மைத்துனனைப் போலக் கேலி செய்துவிட்டுத் தப்பித்துப் போகவும் முடியாது. மாமனார் வீட்டில் யாருக்கு முதலில் இலை போடுகிறார்கள் என்பது வரைக்கும் உள்ளுக்குள் ஒரு போட்டி ஓடும். எங்களுக்கு வாய்த்த போட்டி பாட்டுப் பெட்டியில் வந்து நின்றது. அவர் ஒரு சிமெண்ட் ஆலையில், மூட்டை கட்டும் பிரிவில் வேலை. எட்டு மணி நேரம் இயந்திர இரைச்சலில் நின்றுவிட்டு வீடு வந்து, குளித்து, மாடி அறையில் ஒரு மணி நேரம் நாகசுரம் கேட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். கல்யாணமான புதிதில் அந்த அறைக்குள் என்னைக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். அன்று முதல் எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவர் முழுக்க முட்டை அட்டைகள் ஒட்டி, அதன் மேல் பழைய நூல்புடவைகளைத் தைத்துத் தொங்கவிட்டிருப்பார். எதிரொலி வராமல் இருக்க. "முட்டையத் திங்கிறது நாங்க, அட்டை மட்டும் அவருக்கு" என்று அக்கா, அதாவது அவர் மனைவி, சொல்வார். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தெருவில் சுண்ணாம்புக்கல் லாரிகள் இரவும் பகலும் போகும் ஊர் அரியலூர். அந்த வீட்டில் முழு அமைதி என்று ஒன்று எப்போதும் கிடையாது. அதனால்தான் அந்த ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே எங்கள் சபை கூடும். மொத்தமே நாலு பேர். சகலை, நான், வரதராஜன்பேட்டையில் மைக்செட் வாடகைக்கு விடும் ஒருவர், பெரம்பலூர் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்தும் விரிவுரையாளர். நாலு பேருக்கும் ஒரே கம்பெனிதான் குலதெய்வம். முகப்பில் மஞ்சள் வெளிச்சம், அதற்குள் பாட்டுக்குத் தகுந்தபடி எழுந்து விழும் இரண்டு ஊசிகள், பக்கவாட்டில் மரப்பலகை, போட்டால் 'டொக்' என்று விழும் சுவிட்ச். அதுதான் எங்கள் ஆம்பிளிஃபயர்.

கம்பெனி தன் வரிசை முழுவதையும் மாற்றிவிட்டது. ஆம்பிளிஃபயர், டிஸ்க் பிளேயர், ட்யூனர், எல்லாவற்றுக்கும் அதே கறுப்பு முகம். ஊசி இல்லை, மரம் இல்லை, சுவிட்சும் இல்லை. கைப்பேசியில் செயலி வைத்துத்தான் இயக்க வேண்டும். முழுதாக அணையவும் அணையாது, ஒரு சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டே இருக்கும். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அன்று மைக்செட்காரர் பழைய மாடலின் படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி அனுப்பினார். விரிவுரையாளர் இணையத்தில் உலகமெங்கும் உள்ள ரசிகர்கள் புலம்பியிருப்பதைத் தமிழ்ப்படுத்தி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒருவன் தன் பழைய பெட்டியை மகனுக்கு உயிலில் எழுதி வைக்கப்போவதாகச் சொல்லியிருந்தானாம். உள்ளே இருக்கும் சர்க்யூட் அதேதான், வெளிமுகம் மட்டுமே புதிது என்று கம்பெனி விளக்கம் சொன்னது. அதை நாங்கள் நம்பவில்லை. "மூஞ்சிய மாத்துனவன் கொடல மாத்தாம வுட்டுருப்பானா?" என்று சகலை கேட்டார். 

சபையில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது புது ஒயரோ புது ஸ்பீக்கரோ வாங்கினால் அதைப் போட்டுக் கேட்போம். நடு நாற்காலியில் சகலை கண்ணை மூடி உட்காருவார். அவர் விரலைத் தூக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. தூக்கியதும் அவர்தான் முதலில் கருத்துச் சொல்வார். அதன் பிறகு வயது வரிசைப்படி மற்றவர்கள். மூத்த காது முதலில் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தோம். அவருக்கு உண்மையாகவே அபாரமான காது. தவில்காரர் தவிலின் தொப்பிப் பக்கத்தை இறுக்கியிருக்கிறாரா தளர்த்தியிருக்கிறாரா என்று பாட்டு பாதியில் போகும்போதே சொல்லிவிடுவார். அதனால் அவர் சொன்னதற்கு மேல் மற்ற மூவரும் கொஞ்சம் உப்பும் காரமும் சேர்த்து அதையே சொல்வோம். இப்போது யோசித்தால் வரிசையைத் தலைகீழாக வைத்திருக்க வேண்டும் என்று தெரிகிறது. இளையவன் முதலில் சொல்லியிருந்தால் அவனவன் கேட்டதை அவனவன் சொல்லியிருப்பான்.

என்னைப் பொறுத்தவரை இன்னொரு கதையும் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, மைக்செட்காரர் பின்னால் குனிந்து புது ஒயரை மாட்டினார். அன்றைக்கு என்னவோ துணிச்சலில், சகலை விரல் தூக்குவதற்கு முன்பே நான் வாய் திறந்து, ஆகா, திரை விலகின மாதிரி இருக்கிறது, குரல் முன்னால் வந்துவிட்டது என்றேன். மைக்செட்காரர் நிமிர்ந்து, "அண்ணே, இன்னும் ஒயர மாத்தலண்ணே" என்றார். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் அக்கா மாடிக்கு ஓடி வந்துவிட்டார். அதற்கப்புறம் இரண்டு வருடம் நான் 'ஒயர் மாத்தாத சகலை'. மாமனார் வீட்டுப் பொங்கல் வரைக்கும் அந்தப் பெயர் வந்து சேர்ந்தது. அன்று முதல் நான் சகலையின் வாயைப் பார்த்துத்தான் என் காதைத் திறந்தேன். சிரிக்கத்தான் வேண்டும், ஆனால் நான் செய்த எல்லாவற்றுக்கும் அங்கேதான் வேர் இருக்கிறது.

கார்த்திகை மழையில் ஒரு நாள் இடி விழுந்து சகலையின் பழைய ஆம்பிளிஃபயர் புகைந்துபோனது. திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அந்த மாடலுக்கு உதிரிபாகம் நிறுத்தியாயிற்று என்று கைவிரித்துவிட்டார்கள். ஒரு மாதத்துக்கு மேல் பாட்டு இல்லாமல் இருந்து பார்த்தார். அக்கா சொன்னார், வீட்டில் உப்பு ஒறைப்பு எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிக்கிறார், எதையாவது வாங்கிக் கொடுத்துத் தொலையுங்கள் தம்பி என்று. தையில் அந்தக் கறுப்புப் பெட்டியையே வாங்கினார். சபை அன்று துக்கம் விசாரிக்க வந்தது போல உட்கார்ந்திருந்தது. முதல் வாரம் அவர் பெரிதாகக் குறை சொல்லவில்லை, பழக வேண்டும் என்றார். பனியில் சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். இரண்டாம் வாரத் தொடக்கத்தில், ஒரு திங்கட்கிழமை காலையில் எனக்குக் கூப்பிட்டார். சளி காதை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று ஆரம்பித்து, பெட்டி வலப்பக்கம் ஹம் அடிக்கிறது என்று முடித்தார். ஹம் என்பது மைக்செட்காரர்கள் பாஷை. ஸ்பீக்கரில் பாட்டுக்கு அடியில் ஓடும் 'ஙொய்' என்ற இரைச்சல்.

அந்த ஞாயிறு நாலு பேரும் கூடினோம். பாட்டை நிறுத்திவிட்டு, பெட்டி மட்டும் ஓட, சகலை கண்ணை மூடி உட்கார்ந்தார். விரலைத் தூக்கினார். "வலப்பக்கம். நல்லா கேக்குது" என்றார். விரிவுரையாளர் எழுந்து வலது ஸ்பீக்கரில் காதை வைத்து, ஆமாம், மெல்லிதாக இருக்கிறது, எர்த் சரியில்லாமல் இருக்கலாம் என்றார். என் முறை வந்தது. நானும் காதை வைத்தேன். துணியின் பழைய வாடை வந்தது. தெருவில் ஒரு லாரி போனது. அது போனபின் எதுவும் இல்லை. சத்தியமாக எதுவும் இல்லை. நிமிர்ந்து, கேட்கிறது என்று சொன்னேன். உப்பு காரம் சேர்க்கும் பழக்கத்தில், இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் கனமாக இருக்கிறது என்றும் சொன்னேன். மைக்செட்காரர் மட்டும் நெடுநேரம் காதை வைத்திருந்தார். முகம் சுருங்கியது. கடைசியில் அவரும் தலையை ஆட்டிவிட்டார். பிறகு அவரே, தொழில்காரர் அல்லவா, இரண்டு ஸ்பீக்கர் ஒயரையும் இடம் மாற்றி மாட்டினார். கோளாறு பெட்டியில் என்றால் இரைச்சல் இப்போது இடப்பக்கம் வர வேண்டும். சகலை கண்ணை மூடிக் கேட்டு, "இப்பவும் வலதுதான்" என்றார். நானும் விரிவுரையாளரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கோளாறு பெட்டியில் இல்லை என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.  அக்கா கொண்டுவந்த காபியைக் குடித்தோம்.

கம்பெனிக்குக் கடிதம் எழுதினோம். விரிவுரையாளர் ஆங்கிலத்தில் எழுதினார். நாங்கள் நால்வரும் எங்கள் சொந்தக் காதால் கேட்டோம் என்ற வரியை நான்தான் சேர்க்கச் சொன்னேன். நாலு பேரும் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினோம். நாலைந்து நாளில் திருச்சியிலிருந்து ஒரு மெக்கானிக்கை அனுப்பினார்கள். நாற்பது வயதிருக்கும், ஒல்லியாக, சட்டைப்பையில் மீட்டர் கம்பிகளோடு வந்தார். நாங்கள் நாலு பேரும் கூடியிருந்தோம். இரைச்சல் ஆரம்பித்து அன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். இந்தக் கணக்கைப் பின்னால் பல தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன், மாறவில்லை. அவர் பெட்டியைத் திறந்து ஒரு மணி நேரம் அளந்தார். ஸ்பீக்கரைக் கழற்றி வேறு ஒன்றை மாட்டிப் பார்த்தார். கடைசியில் பெட்டியின் மின்சாரத்தையே பிடுங்கிவிட்டு, இப்போது எப்படி சார் இருக்கிறது என்று கேட்டார். கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார் சகலை. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு தடவ காத டாக்டர்ட்ட காட்டிருங்க."

 சகலையின் முகம் செத்துப்போனது. அவர் காதை அவர் முன்னால் ஒருவன் குறை சொல்வது அதுதான் முதல் தடவை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் நான் பேசினேன் என்று நினைக்கிறேன். அவருக்காக ஒரு தடவை நான் முன்னால் நிற்கலாம் என்று தோன்றியது. "அப்ப எங்க நாலு பேருக்குமாங்க காது போச்சு?" என்றேன். மெக்கானிக் எங்கள் நால்வரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.  பெட்டியை மூடி, நாலு திருகையும் முடுக்கி, அக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, வண்டியை உதைத்துப் போய்விட்டார். சகலை என் தோளைத் தட்டினார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என் தோளைத் தட்டியது அன்றைக்குத்தான். பெரம்பலூர் திரும்பும் பேருந்தில் நான் சந்தோஷமாக இருந்தேன். இதையும் சொல்லிவிட வேண்டும்.

பங்குனியில் திருமழபாடிக்குப் போனோம். அவர் மகளுக்கு வரன் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். இரண்டு குடும்பமும் சேர்ந்து போய் நந்தியின் கல்யாணத்தைக் கண்குளிரப் பார்த்தோம். கூட்டம், மேளம், ஒலிபெருக்கி எல்லாம் அடங்கிய பிறகு, மறுநாள் விடிந்ததும் நானும் அவரும் கொள்ளிடத்தில் இறங்கி நடந்தோம். தண்ணீர் தூரத்தில் ஒரு கோடாகக் கிடந்தது. மணல்தான் எல்லாம். நடந்து நடந்து கரையை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம். காற்று கூட இல்லை. அவர் நின்றார். தலையை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். கரண்டு கம்பம் ஏதாவது தெரிகிறதா என்று சுற்றிலும் பார்த்தார். பிறகு சொன்னார்:

"சகலை, இங்கயும் கேக்குது."

வலது காதில் விரலை விட்டார், எடுத்தார். அப்போதும் கேட்கிறது என்றார். அப்புறம் இடது காதை உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். ஏதாவது பேசு என்று சைகை செய்தார். கைப்பேசியை எப்போதும் இடது காதிலேயே வைத்துப் பேசுகிறவர் அவர். எழுதுவதற்கு வலக்கை வேண்டுமே. அதனால் இத்தனை நாளும் அவருக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. நான் ஏதோ பேசினேன், வெயில் ஏறுகிறது, திரும்பலாம் என்று. அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ பேசுறியா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். கையை எடுத்துவிட்டு அவர் கரையை நோக்கி நடந்தார். நான் பின்னால் நடந்தேன். அப்போது என்ன நினைத்தேன் என்று யோசித்தால் ஒன்றும் கிடைக்கவில்லை. செருப்புக்குள் மணல் நிறைந்திருந்தது, அதைத் தட்ட வேண்டும் என்று நினைத்ததுதான் ஞாபகம் இருக்கிறது.

திருச்சியில் காது டாக்டர் சோதனை செய்துவிட்டு, எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். சகலை நாள் சொன்னார். இரண்டு மாதத்துக்கு மேலாகிவிட்டது. டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். சிலருக்குத் திடீரென்று இப்படி ஒரு காது மங்கும், கூடவே இரைச்சலும் வரும், காரணம் பல சமயம் தெரியாது என்று பொறுமையாக விளக்கினார். "மொத ரெண்டு வாரத்துல வந்திருந்தா மருந்து குடுத்து பாத்திருக்கலாம். திரும்பும்னு உறுதி இல்ல. ஆனா ஒரு வாய்ப்பு இருந்துச்சு" என்றார். சகலை சரிங்க சார் என்றார். பன்னிரண்டாம் நாள் என்று அவரும் மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார்.  திரும்பி வரும்போது ஜன்னலோர இருக்கையை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

அடுத்த சபையில் மைக்செட்காரர் செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டார், அன்றைக்குத் தனக்கு எதுவும் கேட்கவில்லை என்று. மூன்று பேரும் கேட்கிறது என்றதும், கோயில் திருவிழா ஒலிபெருக்கிக்கு அடியிலேயே கிடந்து தன் காதுதான் கெட்டுவிட்டது போலும் என்று பயந்துபோய்த் தலையை ஆட்டினாராம். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சகலை அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். விரிவுரையாளர், மனம் எதிர்பார்ப்பதைக் காது கேட்கும், இதற்கு ஆராய்ச்சிகளெல்லாம் இருக்கின்றன என்று சுற்றி வளைத்து அதையே சொன்னார். இரண்டு பேரும் சொல்லியாயிற்று. சகலை என்னைப் பார்த்தார். அப்போது நான் சொல்லியிருந்தால் இரண்டோடு மூன்றாக முடிந்திருக்கும். என் மனதில் அந்த மெக்கானிக்கிடம் நான் கேட்ட கேள்விதான் நின்றது. மற்றவர்கள் தலையைத்தான் ஆட்டினார்கள், வாய் திறந்து விரட்டியவன் நான். "எனக்கு லேசா கேட்ட மாதிரிதான் இருந்துச்சு" என்றேன்.

அவர் கோபப்படவில்லை, சந்தேகப்படவும் இல்லை. அவர் முகத்தில் பயம் வந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. பெட்டியில் இரைச்சல் இல்லை என்று தெளிவாகிவிட்டது. அப்படியானால் சகலைக்குக் கேட்டது சகலையின் காதில் இருக்கும் இரைச்சல். எனக்கும் கேட்டது என்றால்? மறுநாள் காலையில் கூப்பிட்டார். எந்தப் பக்கம் கேட்கிறது, காலையிலா மாலையிலா, தலை சுற்றுகிறதா என்று விசாரித்தார். நான் இப்போது ஒன்றும் இல்லை என்றேன். எனக்கும் ஆரம்பத்தில் சளி என்றுதான் தோன்றியது, அசட்டையாக இருக்காதே என்றார். தினமும் கூப்பிட்டார். நேரக் காப்பாளர் அறையில் சக ஊழியர்கள் முன்னால், காது நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று கைப்பேசியில் கத்திக்கொண்டிருந்தேன். பிறகு என் மனைவியிடம் சொல்லிவிட்டார். அவள் அழுதாள். கடைசியில் திருச்சி டாக்டரிடம் எனக்கு அவரே டோக்கன் வாங்கி, வேலைக்கு விடுப்புப் போட்டு, பெரம்பலூர் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

கண்ணாடி அறைக்குள் என்னை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, மெல்லிய ஓசைகளை ஒவ்வொன்றாக விட்டார்கள். கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். எல்லாமே கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சகலை நின்று, நான் அழுத்துவதற்கெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். இரண்டு காதும் சுத்தமாக இருக்கின்றன என்று டாக்டர் சொன்னதும் அவர் டாக்டரைக் கும்பிட்டார். வெளியே வந்து எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். "நான்தான் லேட்டு. ஒன்னயாச்சும் முந்தியே இழுத்துட்டு வந்துட்டேன்" என்றார். மாமனார் வீட்டில், தன் அண்ணன் வீட்டில், சபையில், எல்லா இடத்திலும் அதைச் சொன்னார். அவருக்குப் போனது போனதாக இருக்கட்டும், அதனால் எனக்கு ஒரு நல்லது நடந்தது என்று சொல்லிச் சொல்லித் தேறிக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்திருக்க வேண்டும். ஒரு பல்லைப் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் தாடை இருக்கும் ஆனால் இல்லாதது போல் இருக்குமே, அப்படித்தான் மாதக்கணக்கில் இருந்தேன். சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், வண்டிகளுக்கு நேரம் குறித்தேன். பாட்டு மட்டும் கேட்கவில்லை.

சபை இப்போதும் கூடுகிறது. சகலை நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, இடது காதால் கேட்கிறார். இப்போது அவர் முதலில் சொல்வதில்லை, நீங்கள் சொல்லுங்கள் என்று விட்டுவிடுகிறார். அந்தக் கறுப்புப் பெட்டியின் மேல் அவருக்கு இப்போது எந்தக் குறையும் இல்லை. பாவம், அது என்ன செய்தது என்கிறார். கம்பெனியின் புது வரிசையைப் பற்றி இணையத்தில் திட்டியவர்களெல்லாம் அதையே வாங்கி அடுக்கிவிட்டார்கள் என்று விரிவுரையாளர் சொன்னார். அடுத்த மாடலில் ஊசி திரும்ப வரும் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. யாருக்கும் அதில் சூடு இல்லை.

போன மாதம் ஒரு மதியம், விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாக அரியலூர் போனேன். சகலை கூடத்தில் உட்கார்ந்து டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக எடுத்து மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்து, காது எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார். இரண்டு பக்கமும் இடம் இருந்தது. நான் ஸ்டூலை எடுத்து வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தேன். தெரிந்துதான் போட்டேன். பேச்சுக் குரலிலும் தாழ்ந்த குரலில், தரையைப் பார்த்தபடி சொன்னேன். "சகலை, அன்னைக்கு எனக்கு எதுவும் கேக்கல. அந்த ஆளு சொன்னதுதான் சரின்னு எனக்கு அப்பவே தெரியும்." அவர் டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்து, தூசி இருக்கிறதா என்று பார்த்தார். சொல்லிவிட்டேன் என்று என் மனம் உடனே கணக்கை முடித்துக்கொள்ளப் பார்த்தது. நிமிர்ந்தேன். அடுப்படி வாசலில் அக்கா இரண்டு தம்ளரோடு நின்றிருந்தார்.

எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியவில்லை. வந்து தம்ளர்களை வைத்தார். சத்தம் போடவில்லை, அழவில்லை. "நீங்க சொல்றீங்களா தம்பி, நான் சொல்லட்டுமா?" என்றார்.

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். ஸ்பீக்கரில் காது வைத்தது, ஒயர் மாற்றியபோது பார்த்துக்கொண்டது, சபையில் லேசாகக் கேட்டது என்றது, எல்லாம். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. அந்த டிஸ்க்கின் மீதிப் பாதியையும் துடைத்து, உறைக்குள் போட்டு, அடுக்கில் வைத்தார்.

"அப்ப ஒனக்கு மொதல்லேருந்தே ஒண்ணும் இல்ல" என்றார்.

"இல்ல."

தலையை ஆட்டிக்கொண்டார். அடுத்த டிஸ்க்கை எடுத்தார், பிரிக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டார். வெளியே ஒரு லாரி போனது. அது போகும்வரை காத்திருந்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்த மெக்கானிக் பேரு என்ன சகலை?"

எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை. அன்றைக்கு அவர் பேரை நாங்கள் யாரும் கேட்கவே இல்லை.